நூற்றுக்கு 85 பேர்

அரசு புதிதாக ஒரு கேமராவையோ செயலியையோ கட்டாயமாக்கும் ஒவ்வொரு முறையும் நம் எழுத்தாளர்களின் கை தன்னால் ஜார்ஜ் ஆர்வெல் பக்கம் போகிறது. 1949-இல் வெளியான '1984' நாவலின் பெரியண்ணன் இல்லாமல் கண்காணிப்பைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுத முடிவதில்லை. அடிக்கடி சொல்லிச் சலித்துவிட்டது என்பதற்காக அந்த ஒப்பீட்டைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாவலுக்குள்ளேயே இருக்கும் ஒரு கணக்கை நாம் கவனிப்பதில்லை. கதை நடக்கும் ஓசியானியா நாட்டின் மக்களில் நூற்றுக்கு 85 பேர் 'ப்ரோல்'கள் எனப்படும் உழைப்பாளிகள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் வேவு பார்க்கும் தொலைத்திரையே கிடையாது. உளவாளிகள் சிலர் அவர்களிடையே திரிந்து, ஆபத்தானவர் என்று தோன்றுகிற ஓரிருவரைத் தீர்த்துக்கட்டுவார்கள். மற்றவர்கள் குடிக்கலாம், சண்டை போடலாம், லாட்டரிச் சீட்டு வாங்கலாம். ஆளும் கட்சிக்கு அதில் அக்கறை இல்லை. இரவும் பகலும் திரைக்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருப்பவன் வின்ஸ்டன் ஸ்மித், உண்மை அமைச்சகத்தின் குமாஸ்தா. ஸம்யாதினின் 'நாங்கள்' நாவலில் கண்ணாடிச் சுவர்களுக்குள் வாழ்ந்து கதை சொல்பவன் விண்கலம் கட்டும் பொறியாளன். ஹக்ஸ்லியின் நாவலில் வரும் பெர்னார்ட் மார்க்ஸ் ஆல்ஃபா வகுப்புக்காரன், அரசின் கருவளர்ப்பு மையத்தில் உளவியல் நிபுணன். மூவருமே மேசை நாற்காலி உள்ளவர்கள். படித்த அரசு ஊழியனின் பயத்தைத்தான் இந்த நாவல்கள் எழுதின. சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்கு அது நம்முடைய பயமாகவே பட்டதில் ஆச்சரியம் இல்லை. நடப்பிலோ வரிசை தலைகீழாக இருக்கிறது. இன்றைய அரசின் கண்காணிப்பு அடித்தட்டில் தொடங்கி மெதுவாக மேலே ஏறுகிறது. வின்ஸ்டனையே தேடிக்கொண்டிருப்பதால் முதலில் அகப்பட்டவர்கள் நம் கண்ணில் படுவதில்லை.

இந்த வரிசை கணினியோடு வந்ததல்ல. கைரேகையை நிர்வாகக் கருவியாக்கியது பிரிட்டிஷ் வங்காளம். 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையைப் பத்திரத்தில் பதியவைத்தார். பிறகு 1877-இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் வாங்குவோரிடம் விரல் ரேகை எடுத்தார். செத்தவர் பேரில் உறவினர் பணம் வாங்கிவிடக் கூடாது என்பது காரணம். இன்று ஆதாருக்குச் சொல்லப்படும் நியாயமும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான் இருக்கிறது. அஸிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பில் ரேகைகளை வகைப்படுத்தும் முறை உருவாகி, 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் அமைந்தது. ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 1901-இல். இதற்கிடையே 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சாதிகளையே பிறப்பால் குற்றவாளிகளாக்கிப் பதிவேட்டில் ஏற்றியது. பின்னாளில் மதுரை வட்டாரத்துக்கும் வந்த அதற்கு அங்கே ரேகைச் சட்டம் என்றே பெயர். வயதுவந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் காவலில் படுக்க வேண்டும், ஊர் தாண்டிப் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து பர்மாவில் இந்திய இம்பீரியல் போலீஸில் வேலைக்குச் சேர்ந்த எரிக் ப்ளேர்தான் பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் ஆனார். ஐந்து ஆண்டுகள் ஆளும் தரப்பின் உடையில் இருந்தவர் அவர். அந்த அனுபவத்தின் நிழல் '1984'இல் விழுந்திருக்கலாம். ஆனால் ராத்திரிச் சீட்டுக்காரனுக்கு அந்த நாவலில் இடம் கிடைக்கவில்லை.

இன்று என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ரகசிய ஆவணம் எதுவும் வேண்டாம், ரேஷன் கடை போதும். அரிசி வாங்க வந்தவர் விரலை வைக்கிறார். பீடி சுற்றியும் செங்கல் தூக்கியும் தேய்ந்த விரல் என்றால் கருவி ஏற்பதில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், அடுத்த விரலை வைக்கிறார், சர்வர் வரவில்லை என்று உட்காரச் சொல்கிறார்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் பணித்தளத்தில் நாளுக்கு இருமுறை, இடமும் நேரமும் பதியும்படி, ஆட்களைப் படம்பிடித்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. நாக்பூர், சண்டிகர் மாநகராட்சிகள் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டிவிட்டன. தெரு கூட்டுபவர் எங்கே நிற்கிறார் என்பது அலுவலகத் திரையில் தெரியும். அந்தத் திரைக்கு முன்னால் இருக்கும் அதிகாரி எங்கே போனார் என்று தெரு கூட்டுபவருக்குத் தெரியாது. வின்ஸ்டனின் திரையோடு இவற்றை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உடனே புலப்படும். இங்கே யாரும் யார் மனத்தையும் படிக்க முயலவில்லை. பல சமயம் யாரும் பார்ப்பதுகூட இல்லை. நூறு நாள் வேலைச் செயலியில் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படமெடுத்த படங்களும் ஏறியிருந்ததை 2025-இல் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது. பார்க்காத கண்ணுக்கு என்ன அதிகாரம் என்று கேட்கலாம். இல்லை என்று சொல்லும் அதிகாரம்தான். ரேகை விழாவிட்டால் அரிசி இல்லை, படம் ஏறாவிட்டால் கூலி இல்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. பட்டினி என்றார் தாய், மலேரியா என்றது நிர்வாகம்.

இதை இந்திய வறுமையின் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நெதர்லாந்தின் வரித்துறை, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோர்மீது தவறாகக் குற்றம் சுமத்தி முழுத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொன்னது. யாரைச் சந்தேகிப்பது என்று தரம்பிரித்த கணினி, குடியுரிமை டச்சுதானா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. குடும்பங்கள் கடனில் மூழ்கின, வீடுகள் உடைந்தன. 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது. தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் வலுவான நீதிமன்றமும் உள்ள நாடு அது. பெரியண்ணன் அங்கே தேவைப்படவில்லை.

சோதனையே கூடாது என்றால் கள்ளக் கார்டும் இடைத்தரகரும் தின்பார்களே என்ற ஆட்சேபம் லேசானதல்ல. ஏழைக்குப் போக வேண்டியதைத் திருடியவர்களின் கதை நம் ஊர்களில் ஏராளம். ஆனால் இதற்குச் சான்றுகளையே பார்க்கலாம். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூவரும் ஆந்திரத்தில் ரேகை பதிந்த ஸ்மார்ட் கார்டுகளை ஆராய்ந்தபோது கூலி விரைவாகப் போய்ச் சேர்ந்ததையும் கசிவு குறைந்ததையும் கண்டார்கள். அதே மூவர் ஜார்க்கண்ட் ரேஷனில் ஆதார் சோதனையை ஆராய்ந்தபோது, உரியவர்கள் சிலர் விடுபட்டுப்போனதையும், கசிவு குறைந்த இடங்களிலும் அந்த விலை கொடுத்தே குறைந்ததையும் கண்டார்கள். தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆந்திரத்தில் கார்டு இல்லாதவருக்கும் கூலி கொடுக்க வழி விட்டிருந்தார்கள். விரல் தேய்ந்தவரை முகம் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டு, சரி கொடு என்று சொல்ல ஓர் ஆளுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதே கேள்வி. திருட்டை நிறுத்துகிறோம் என்று புறப்படுகிறவர்கள் அந்த ஆளின் கையைத்தான் முதலில் கட்டுகிறார்கள்.

பத்திரிகையாளர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் வேவு பார்க்கப்படவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கப்படுகிறார்கள். 2013-இல் அமெரிக்க உளவு பற்றி எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்டதும் 2021-இல் பெகாசஸ் வேவு மென்பொருள் பற்றி வெளிவந்ததும் ஆர்வெல்லை ஞாபகப்படுத்தத்தான் செய்யும். சின்ஜியாங்கில் உய்குர் மக்கள்மீது சீனா நடத்தும் கண்காணிப்புக்கு நாவல் உவமையே தேவையில்லை. இந்தியா அப்படி ஆகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை, சொன்னால் பொய். இந்தத் தலையங்கம் அச்சாகிறது என்பதே அதற்குச் சாட்சி. ஆனால் நமக்குக் கிடைத்த பாதுகாப்பு யாருக்குக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். அந்தரங்கம் மேட்டுக்குடியின் கவலை என்ற வாதத்தை 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு நிராகரித்து, அது அடிப்படை உரிமை என்றது. அடுத்த ஆண்டு ஆதார் தீர்ப்பில் ஐவரில் நால்வர் வங்கிக் கணக்கையும் கைபேசி எண்ணையும் கட்டாய இணைப்பிலிருந்து விடுவித்தார்கள். வருமானவரி கட்டுவோருக்கு விலக்கு இல்லை. மானியமும் ரேஷனும் வாங்குவோருக்கும் இல்லை. வரி கட்டுபவருக்கு ஆதார் ஒரு தொல்லை, ஆண்டுக்கு ஒருமுறை. ரேஷன் வாங்குபவருக்கு அது மாதாமாதம் எழுதும் பரீட்சை. கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-இன் சட்டம் விரல், உள்ளங்கை, கருவிழிப் பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்க அனுமதிக்கிறது. காவல் நிலையத்துக்கு அடிக்கடி இழுத்துச் செல்லப்படுபவர்கள் யார் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வரிசையை மாற்றும் என்று சிலர் நம்பினார்கள். ஆனால் அரசு தன் கையில் ஏற்கெனவே உள்ள தரவை மானியம் தருவதற்காகப் புதிதாகச் சம்மதம் கேட்காமலே கையாளலாம் என்று அதன் 7-ஆம் பிரிவு சொல்கிறது. விரும்பும் அரசு அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது 17-ஆம் பிரிவு. இவற்றைவிட நமக்குக் கவலை தருவது 44(3)-ஆம் பிரிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கான விதியை அது மாற்றி, பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அங்கேயே இருந்த வாசகத்தை நீக்குகிறது. பொதுநலனுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2)-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது, ஆனால் விண்ணப்பத்தை முதலில் கையில் வாங்கும் அலுவலர் மறுப்பதற்கு இனிமேல் 'தனிநபர் தகவல்' என்ற ஒரு சொல் போதும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளிகள் அமைப்பு 1990-களில் ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தியபோது கையில் வைத்திருந்தது கூலிப் பட்டியல்களைத்தான். வேலை செய்யாதவர் பெயரும் செத்தவர் பெயரும் அதில் இருந்ததை ஊரே உரக்கப் படித்துக் கேட்டது. கண்காணிப்பு மேலிருந்து கீழே மட்டும் போக வேண்டியதில்லை என்று உழைப்பாளிகள் காட்டிய இடம் அது. அந்தப் பட்டியலைக் கேட்டு இனி ஒருவர் விண்ணப்பித்தால், அதில் உள்ளவை தனிநபர்களின் பெயர்கள் என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு.