வரவும் செலவும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்க்குக் ‘கம்’ என்றால் வா, ‘கோ’ என்றால் போ என்று சொல்லிக் கொடுத்து அமைந்துவிடுகின்றனர். அது போதாது. பேசுவோனை நோக்கிய இயக்கம் மட்டுமன்றிக் கேட்போனை நோக்கிய இயக்கமும் ‘கம்’ என்றே கூறப்பெறும். அடுத்த அறையிலிருந்து தாய் அழைத்தால் ஆங்கிலச் சிறுவன் ‘கம்’ என்னும் வினையாலேயே விடையிறுப்பான்; ‘கோ’ என்னான். ஒன்றைக் கொண்டு அவ்வாறு வருதல் ‘பிரிங்’. கொண்டு அகலுதல் ‘டேக்’. சென்று எடுத்து மீளுதல் ‘பெட்ச்’.

இவ் வேறுபாடு தமிழனுக்குப் புதிதன்று. வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகட்கு உரியன; செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே வரையறுத்தார். அதனைக் காட்டிக் கற்பித்தால் ஆங்கிலமும் விளங்கும், தமிழும் துலங்கும். வேறுபடும் இடமும் உண்டு. விடைபெறும் தமிழன் பிரிந்து செல்லும்போதே ‘வருகிறேன்’ என்கிறான். மீண்டு வருதலைக் கருதிய நன்மரபு அது. அதனை அப்படியே ஆங்கிலமாக்கின் ஆங்கிலேயன் திகைப்பான்.

ஆங்கிலம் பெருங்கடன் பட்ட மொழி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ‘அரைவ்’, ‘என்டர்’, ‘ரிட்டர்ன்’ முதலிய வினைகள் பிரெஞ்சு வழியே அதனுட் புகுந்தன. கரை சேர்தலைக் குறித்து வந்ததே ‘அரைவ்’. ஆயினும் ‘கம்’, ‘கோ’, ‘ரன்’ என்னும் அடிப்படை வினைகளை ஆங்கிலேயன் கைவிட்டானல்லன். ‘கோ’வின் இறந்தகாலமாக இன்று வழங்கும் ‘வென்ட்’ என்பதும் அவன் வீட்டுச் சொல்லே. ‘வெண்ட்’ என்னும் பிறிதோர் ஆங்கில வினையின் இறந்தகாலமாக முன்னர் வழங்கியது அது. குறை நேர்ந்தவிடத்தும் தன் வீட்டுச் சொல்லாலேயே அதனை நிரப்பிக்கொண்டது அம்மொழி.

நாமோ? சாலையைக் ‘கிராஸ் பண்ணுகிறோம்’, ஊரை ‘ரீச் ஆகிறோம்’, ‘ரிட்டர்ன் வருகிறோம்’, காலையில் ‘வாக்கிங் போகிறோம்’. கடத்தலும் அடைதலும் மீளுதலும் உலவுதலும் எங்கே போயின? நம்மிடம் இல்லாத பொருளுக்குப் பிறர் பெயரைக் கொண்டோம் என்றாலும் ஒருவாறு பொறுக்கலாம். நாள்தோறும் கால்கள் செய்யும் தொழிலுக்குமா கடன்? பெயர் புகுவது வீட்டிற்கு விருந்தினன் வருவது போன்றது; வினை புகுவதோ வீட்டுக்காரனையே வெளியேற்றுவது. ‘பண்ணு’, ‘ஆகு’ என்னும் இரண்டு மட்டும் எஞ்சி, ஏனை வினைகளெல்லாம் வழக்கொழிந்தால் தமிழ் தமிழாய் நிற்பது எங்ஙனம்?

ஆசிரியப் பெருமக்களே! ஆங்கிலத்தை அதன் பொருள் நுட்பத்தோடு திருத்தமாகக் கற்பியுங்கள். அதே வகுப்பில் ‘கிராஸ் பண்ணாதே’ என்னும் நாவையும் திருத்துங்கள். ‘கடக்காதே’ என்பது அதனினும் சுருங்கிய சொல், நம் சொல்.