கதவைத் திறக்கும் முன்...



சென்ற மாதம் ஒரு மாலை நேரம். பம்பலப்பிட்டி காலி வீதியில் வாகனங்கள் அசையாமல் நின்றன. போகவேண்டிய கடை பக்கத்திலேயே தெரிந்தது. "நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன்" என்று கணவரிடம் சொல்லியபடி காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். நடைபாதை ஓரமாக வந்த ஒரு மோட்டார் சைக்கிள் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் 'கிறீச்' என்று நின்றது. ஓட்டியவருக்கும் பின்னால் இருந்த மனைவிக்கும் நடுவில் ஒரு சின்னப் பிள்ளை!

"பார்த்துத் திறக்கக் கூடாதா ராத்தா?" என்றாள் அந்தப் பெண். என்னிடம் பதில் இல்லை.

'இப்படி இடையில் புகுந்து வருவதையே தடை செய்ய வேண்டும்' என்று வீட்டில் கோபப்பட்டேன். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் மகன் மறுத்தான். "வரிசையின் கடைசியில் நிற்கும்போது பின்னால் வருபவர் பிரேக் பிடிக்கத் தவறினால், காருக்குத் தகடு நெளியும். எங்களுக்கு உயிர் போகும், உம்மா."

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 6,000 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 2015இல் ஓர் அறிக்கை வெளியானது. விபத்துக்குள்ளானவர்களில், இடையில் புகுந்து சென்றோருள் நூற்றுக்கு 9 பேருக்கே தலையில் காயம். மற்றவர்களுள் 17 பேருக்கு. முன்னவர்கள் மெதுவாகச் சென்றதும், நல்ல தலைக்கவசம் அணிந்திருந்ததும் இதற்குத் துணை செய்திருக்கலாம்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 ஜூலையில் இதற்கு அனுமதி அளித்தது. ஆனால் கட்டுப்பாடுகளோடுதான். வேகம் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. முழு அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் மட்டுமே செல்லலாம். பாடசாலை வலயங்களில் பிள்ளைகள் வந்து போகும் நேரத்தில் கூடாது. நடைபாதை ஓரமாகவும் கூடாது. அன்று நான் கதவைத் திறந்தது அந்த ஓரத்தில்தானே!

ஆகவே என் முடிவு இதுதான்: அனுமதிக்கலாம்; ஆனால் நின்ற வாகனங்களுக்கு இடையில், மெதுவாக, ஓரத்தை விட்டு. பஸ், லொறிகளுக்கு நடுவே வேண்டவே வேண்டாம்.

நமக்கும் இதில் பங்குண்டு. நடு வீதியில் இறங்காதிருப்போம். கதவைத் திறக்கும் முன் பின்னால் திரும்பிப் பார்ப்போம். பின்னால் ஏறும்போது ஆடை சக்கரத்தில் சிக்காமல் ஒதுக்கிக்கொள்வோம். "நேரமாச்சு, கெதியாப் போங்க" என்று ஓட்டுபவரை அவசரப்படுத்தாதிருப்போம்.

பத்து நிமிடம் பிந்தினால் சோறு ஆறும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் மிரண்ட முகம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. சிந்திப்போமா, சகோதரிகளே?