மாட்டை எங்கே கட்டறது?

பாரதியார் சாலைல ராத்திரி வண்டி ஓட்டறவங்களுக்குத் தெரியும். கருப்பு மாடு நடுரோட்டுல படுத்திருந்தா பக்கத்துல போற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது. இதுக்கு நம்ம காரைக்கால்ல ஒரே வைத்தியம், "பிடிப்போம், அபராதம் போடுவோம்"ங்கற அறிவிப்பு. ஒரு வாரம் மாட்டைக் காணோம், அப்புறம் பழையபடி அசைபோட்டுக்கிட்டு நிக்கும்.

அபராதத்தால தீரும்னா சென்னையில தீர்ந்திருக்கணுமே? 2023 ஆகஸ்ட்ல அரும்பாக்கத்துல ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கிப் போட்ட வீடியோவைப் பார்த்து பதறினோம். அதுக்கப்புறம் அபராதம் 5,000 ஆச்சு, 2024-ல 10,000-ன்னு தீர்மானம் போட்டாங்க. கடைசியில மாநகராட்சியே மாட்டுக் கொட்டகை கட்ட வேண்டி வந்துச்சு.

மாட்டுக்காரரைத் திட்டறது சுலபம். காலைல கறந்துட்டு அவுத்து விட்டுடறார், தீனிச் செலவு மிச்சம், தப்புதான். ஆனா அவர் மாடு மேய்ஞ்ச இடமெல்லாம் கல்லு நட்டு மனையா வித்தது யாரு? மனைப்பிரிவுக்கு அனுமதி தர்றப்போ ரோடு எத்தனை அடி, பூங்கா எங்கேன்னு கேக்கறாங்க. மாட்டைப் பத்தி ஒரு வரி கிடையாது. ரெண்டு சென்ட் வீட்டுல கொட்டில் எங்க போடுவார்? வாசல்ல கட்டினா சாணி சாக்கடைக்குப் போகுது, பக்கத்து வீட்டோட சண்டை.

பம்பாய்ல 1949-லயே ஆரே காலனி அமைச்சு, ஊருக்குள்ள இருந்த எருமைத் தொழுவங்களை அங்க கொண்டு போனாங்க. "இங்க வைக்காதே"ன்னதோட விடாம "அங்க வை"ன்னு இடத்தைக் காட்டினாங்க பாருங்க, அதான் விஷயம். நமக்கு அவ்ளோ பெரிசா வேணாம். கோட்டுச்சேரி பக்கம் ஒண்ணு, நிரவி பக்கம் ஒண்ணு, தண்ணித்தொட்டியோட பொதுக்கொட்டகை போட்டு மாட்டுக்கு இவ்வளவுன்னு வாடகை வாங்கட்டும். அதுக்கப்புறமும் ரோட்டுல விட்டா தாராளமா தீட்டுங்க அபராதம்.

இதை யார்கிட்ட போய்க் கேக்கறது? புதுச்சேரில உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 2006-லதான் நடந்துச்சு. அந்தப் பதவிக்காலமும் 2011-ல முடிஞ்சு போச்சு. கவுன்சிலர் இருந்தா ஓட்டுக்காகவாவது மாட்டுக்காரரையும் பைக்காரரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பேசியிருப்பார்.

இன்னொண்ணு, பூவம் தாண்டியும் வாஞ்சூர் தாண்டியும் தமிழ்நாட்டு மாடு இங்க வரும், நம்மது அங்க போகும். மாட்டுக்கு எல்லை தெரியுமா என்ன? காதுல மாட்டற மஞ்சள் வில்லைல பன்னெண்டு இலக்க நம்பர் இருக்கு. அதை வச்சு ரெண்டு பக்கத்து அதிகாரிகளும் பேசிக்கிட்டாலே எது யார் மாடுன்னு தெரிஞ்சிடும்.