சமையல் படிக்க இவ்வளவு கடனா?

ஐ.டி. வேலைக்கு கலிஃபோர்னியா போன நம்ம ஆளுங்க சிலருக்கு செஃப் ஆகணும்னு ஆசை. தப்பில்லை. ஆனா லோன் போட்டு பெரிய தனியார் சமையல் பள்ளியில சேராதீங்க. எங்கே படிச்சாலும் பெரும்பாலும் காய் நறுக்குற இடத்துலதான் தொடங்கணும், அதுவும் மணிக்கணக்கு சம்பளத்துல. இ.எம்.ஐ. எப்படிக் கட்டுவீங்க?

அங்கேயே கம்யூனிட்டி காலேஜ் இருக்கு. யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருஷப் படிப்புக்கு 60 யூனிட்னா 2,760 டாலர். கத்தி, யூனிஃபார்ம், புத்தகம் தனி. (இது அந்த மாநிலத்துல குடியிருக்கிறவங்களுக்கான ரேட். இங்கேருந்து ஸ்டூடண்ட் விசாவுல போனா பல மடங்கு, கணக்கே மாறிடும்.)

வேலையை உடனே விடாதீங்க. சாயங்கால வகுப்பு இருந்தா முதல்ல 3 யூனிட் மட்டும் எடுங்க, 138 டாலர். அடுப்பு முன்னாடி நிக்கிறது நிஜமாவே பிடிக்குதான்னு அதுலயே தெரிஞ்சிடும்.