ஆம் என்பதற்கும் அயன்மொழியா?

ஆங்கிலத்தில் உடன்பாடு கூற 'ஐ' என்றொரு பழஞ்சொல் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் எழுத்தில் ஏறிய அச்சொல், இன்று இலண்டன் மக்களவை வாக்கெடுப்பிலும், மாலுமியர் வாயிலும், வடபுலத்தார் பேச்சிலுமே ஒதுங்கி வாழ்கிறது. பிறவிடங்களில் 'எசு' ஒன்றே எல்லாவற்றுக்கும் விடையாயிற்று.

தமிழின் நிலை வேறு. கொங்கு நாட்டுச் சீனாபுரத்தார் தம்மூரினர் எனப் போற்றும் பவணந்தியார், நன்னூலில் விடையை எட்டாக வகுத்தார். 'ஆகும்' என்னும் வினையே 'ஆம்' எனச் சுருங்கிற்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முன்மொழிவை ஏற்போர் கூறுவது அச்சொல்லே. கொங்கு உழவரின் 'ஆமாங்க' அதன் வழிவந்ததே. கூற்றை ஏற்க 'ஆம்'. பணியை ஏற்கச் 'செய்வேன்'. வருகையை உணர்த்த 'உள்ளேன்'.

இத்துணை வளமிருந்தும், கோவை ஆங்கிலவழிப் பள்ளிகளில் பெயர் அழைக்கப்படும்போது குழந்தைகள் 'எசு' என்கின்றனர். ஆசிரியர் அழைத்தது பெயரை, எதையும் வினவவில்லை. வினாவே இல்லாதவிடத்து உடன்பாடு எதற்கு? 'உள்ளேன் ஐயா' என்பதன்றோ பொருந்தும் விடை!

பெற்றோரே, வீட்டிலிருந்தே தொடங்குங்கள். வழங்காது விட்டால், 'ஆம்' என்பதும் அவையில் மட்டும் ஒலிக்கும் பழஞ்சொல்லாகிவிடும்.