ஒரு ஊசி போதாது

2022 தீபாவளிக்கு மேல்மாடி வீட்டார் ஏழு வார லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கி வந்தார்கள். முதல் ஊசி போட்ட மறுநாளே புசா ரோடு நடைபாதையில் நடக்க விட்டார்கள். "ஊசிதான் போட்டாச்சே மாமா" என்றாள் அந்த வீட்டுப் பெண். பத்தாம் நாள் வாந்தி, ரத்தபேதி. நான்கு நாள் குளுகோஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. பார்வோ என்றார் டாக்டர்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரங்கள் இருக்கும். அதுவே ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. அது குறைந்து வருகையில், நோயைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும் என்று ஒரு இடைக்காலம் உண்டு. எந்தக் குட்டிக்கு எந்த வாரம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கொரு முறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசிக்குப் பின் இரண்டு வாரம் பொறுத்துத் தெருவில் இறக்கலாம். வெறிநாய்க்கடி ஊசி தனி. அது 3 மாதத்தில். 'லைன் கிளியர்' வாங்காமல் வண்டியை விடாத இலாகாவில் இருந்தவன் நான். இதில் அவசரம் கூடாது என்பேன்.

1978-இல் உலகெங்கும் பரவிய இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலுக்கு மசியாது, பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டு, பதினொரு நாளில் அதைத் திருத்தியபோது நம்மவர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போட்டார்கள். யார் ஜெயித்தாலும் நடைபாதை மண் அதே மண்தான்.

அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தப்பு. அதை நானே செய்திருக்கிறேன். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டு வந்த ராஜபாளையம் குட்டியை, நோய்க்குப் பயந்து ஐந்து மாதம் வெளியே காட்டவில்லை. நோய் வரவில்லை. ஆனால் சாகும்வரை ஆட்டோ சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும், புது ஆளைக் கண்டால் நடுங்கும். 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை பார்ப்பதையும் கேட்பதையும்தான் குட்டி பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பச்சைக் குழந்தையை இடுப்பை விட்டு இறக்காமல் வாசலில் நின்று வேடிக்கை காட்டுகிறோமே, அது போதும். தரையில் விடாதீர்கள், தெருநாய் முகர விடாதீர்கள். ஊசி எல்லாம் போட்ட சிநேகிதர் வீட்டு நாயோடு விளையாடட்டும். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கம் இங்கே நன்றாக உதவும்.

இந்த மாசியில் மேல்மாடிக்கு மறுபடி ஒரு குட்டி வந்திருக்கிறது. காலையில் அந்தப் பெண் அதைத் துணிப்பையில் தலை மட்டும் தெரியத் தூக்கிக்கொண்டு மெட்ரோ தூண் வரை போய் வருகிறாள். பதினோராவது வாரமாம்.