நகல் போய்ச் சேர்ந்தது... அசல் என்ன ஆச்சு?

நமக்கு ஜெராக்ஸ் கடையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் என்று அட்மிஷன் முதல் இன்டர்வியூ வரை நகல் எடுத்தே பாதி ஆயுள் போய்விடுகிறது. நகலில் 'ட்ரூ காப்பி' என்று முத்திரை குத்தி, பச்சை மையில் அதிகாரியின் கையெழுத்து வாங்க அலைந்த காலமும் உண்டு. அவ்வளவு அவசரத்திலும் ஒன்றை மட்டும் யாரும் மறப்பதில்லை. வேலை முடிந்ததும் "அண்ணே, ஒரிஜினலைக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்குகிறோம்.

சரி, மனிதனையே நகல் எடுத்தால்? அப்போது ஒரிஜினலைக் கேட்டு வாங்க யார் இருப்பார்கள்?

இந்த ஒரே கேள்வியை வைத்து ஒரு வீடியோ கேம் வந்திருக்கிறது. பெயர் 'சோமா'. ஸ்வீடன் நாட்டு ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் கம்பெனி 2015 செப்டம்பரில் வெளியிட்டது. விஞ்ஞானக் கதையும் திகிலும் கலந்தது. நான் கதையைக் கடைசி வரை சொல்லப் போகிறேன். இனிமேல்தான் ஆடணும்னு இருக்கிறவங்க தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிடுங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது!

கனடாவின் டொரன்டோ நகரில் சைமன் ஜாரெட் என்று ஓர் இளைஞன். கார் விபத்தில் தலையில் அடி. சிகிச்சைக்காக மூளையை ஸ்கேன் எடுக்க நாற்காலியில் உட்காருகிறான். கண் மூடித் திறந்தால் 2104ஆம் வருஷம்! அட்லான்டிக் கடலுக்கு அடியில், 'பாத்தோஸ்-2' என்ற ஆராய்ச்சி நிலையத்தில் நிற்கிறான். வால்நட்சத்திரம் மோதி பூமியின் மேற்பரப்பு அழிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவனுக்கு விஷயம் விளங்குகிறது. டொரன்டோ சைமன் எப்போதோ செத்துப்போனான். இவன், அன்று எடுத்த ஸ்கேனின் நகல். இறந்துபோன ஒரு பெண்ணின் உடம்பு இருக்கும் ஆழ்கடல் உடைக்குள் யாரோ இவனை ஓட விட்டிருக்கிறார்கள்!

கடலடியில் விகாரமான உருவங்கள் துரத்துகின்றன. ஓடணும், ஒளியணும். ஆனால் 2017இல் இதே கேமில் 'சேஃப் மோட்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் அந்த உருவங்கள் நம்மைக் கொல்லாது. அப்போ பயம் போயிடுச்சான்னு கேட்டா, போகல! காரணம், உண்மையான திகில் அந்த உருவங்களிடம் இல்லை.

எங்கே இருக்கிறது? நடுவில் ஒரு கட்டம் வருகிறது. இன்னும் ஆழத்துக்கு இறங்க சைமனின் உடை தாங்காது. வேறொரு பலமான உடையில் அவனுடைய மனதை ஏற்ற வேண்டும். நாற்காலியில் உட்காருகிறான். கண் திறந்தால் புது உடைக்குள் இருக்கிறான். வந்து சேர்ந்துட்டோம்னு நினைக்கும்போதே எதிர் நாற்காலியிலிருந்து அவனுடைய குரலே கேட்கிறது. பழைய சைமன் அங்கேயேதான் இருக்கிறான்! கொஞ்ச நேரத்தில் மயங்கிவிடுகிறான். அவன் தூங்கும்போதே பேட்டரியை இறக்கி அவனை முடித்துவிடலாம். இல்லை, கடலடியில் தனியாக விழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போகலாம். முடிவு ஆடுகிற நம் கையில்.

கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு இது உடனே புரியும். ஹார்டு டிஸ்கிலிருந்து பென் டிரைவுக்கு ஒரு ஃபைலை 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்கிறோம். ஃபைல் நகர்ந்து போனது போலத் தெரிகிறது. உள்ளே நடப்பது வேறு. முதலில் அங்கே நகல் எழுதப்படுகிறது. பிறகு இங்கே இருப்பது அழிக்கப்படுகிறது. 'நகர்த்துதல்' என்று ஒன்று இல்லவே இல்லை. நகல் ஒன்று, அழிப்பு ஒன்று, அவ்வளவுதான்! ஃபைலுக்கு வலிக்காது, அதனால் நமக்குக் கவலையில்லை. சைமனுக்கு வலிக்கும்.

நம்ம ஊர்க் கதையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கூடு விட்டுக் கூடு பாய்தல் நமக்குப் புதுசா என்ன? சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறியதைப் பார்த்துக் கயிலையிலிருந்து வந்த சிவயோகியார் அவன் உடம்பில் புகுந்தார், அவரே திருமூலர் என்று பெரியபுராணம் சொல்கிறது. மூலனின் மனைவி வந்து கூப்பிட்டபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகிவிட்டார். உடம்பு மூலன்தான், ஆள் மூலன் இல்லை! அவர் தம் பழைய உடம்பைத் தேடிப் போனபோது அது மறைந்துவிட்டிருந்தது. இங்கே உயிர் ஒன்றுதான், அது பாய்ந்ததும் பழைய கூடு வெறும் கூடு. சோமாவிலோ பழைய கூட்டுக்குள்ளும் ஆள் இருக்கிறான். அதுதான் சங்கடம்.

"உடம்பில் செல் எல்லாம் மாறிக்கிட்டேதானே இருக்கு, அதுக்கு என்ன சொல்றே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. ஆவடி டாங்கி ஃபேக்டரியில் பழைய டாங்கியை அக்கக்காகப் பிரித்து ஓவர்ஹால் செய்கிறார்கள். எத்தனை பாகம் மாறினாலும் அதே டாங்கிதான். காரணம், வரிசை அறுந்து போகவில்லை, ஒன்று ஒன்றாகவே தொடர்கிறது. ஒரே சேசிஸ் நம்பரில் இரண்டு வண்டி கேட்டுக்கு வந்தால்? செக்யூரிட்டி விடுவாரா? டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேய தத்துவ அறிஞர் 1984இல் எழுதிய புத்தகத்தில் இதே சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டார். ஆளை இங்கே ஸ்கேன் செய்து செவ்வாய் கிரகத்தில் புதிதாக உருவாக்கினால், இங்கே மிச்சமிருப்பவன் யார்?

என் கட்சி இதுதான். இரண்டு பேருமே சைமன்தான், நகலைப் பொய் என்று நான் தள்ளவில்லை. ஆனால் நகல் பிழைத்துவிட்டது என்பதால் அசலுக்குக் கணக்கு முடிந்துவிடாது. கேமில் சாரங் என்றொருவர், ஸ்கேன் எடுத்த கையோடு உயிரை விட்டால் நகலுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்ப வைக்கிறார். நம்பியவர்கள் எங்கும் போய்ச் சேரவில்லை, செத்தார்கள், அவ்வளவுதான். கடைசிக் காட்சியும் அதையே சொல்கிறது. மனித மனங்களின் நகல்களை ஏற்றிய 'ஆர்க்' விண்வெளிக்குப் பறக்கிறது. உள்ளே ஒரு சைமன் வெயிலையும் பச்சையையும் பார்க்கிறான். இன்னொரு சைமன் கடலடி இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

இதெல்லாம் 2104இல் பார்த்துக்கலாம், இப்ப நமக்கென்ன என்கிறீர்களா? கொஞ்சம் இருங்க.

2024இல் 'லால் சலாம்' படத்தில் ஒரு பாட்டுக்கு ஏ.ஆர். ரகுமான், 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் திரும்பக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். அது நல்ல முறை, பாராட்ட வேண்டும். இருந்தாலும் பாடியவரிடமே கேட்க வழியில்லையே! சைமனும் சிகிச்சைக்குத்தான் ஸ்கேனுக்குச் சம்மதித்தான், கடலடி வேலைக்கு அல்ல.

இன்னும் கிட்ட வருகிறேன். இன்பிளான்ட் டிரெயினிங்கில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். வெல்டிங் ரோபோ புதிதாக வந்திருந்தது. இருபது வருஷ அனுபவமுள்ள வெல்டர் அண்ணனைப் பக்கத்தில் நிற்க வைத்து, டார்ச்சை எந்தக் கோணத்தில் பிடிக்கணும், மூலையில் எங்கே வேகத்தைக் குறைக்கணும் என்று கேட்டுக் கேட்டு ரோபோவுக்கு ஏற்றினார்கள். எல்லாம் சரியாக வந்ததும் அண்ணனைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஓவர்டைமும் போச்சு. டீ குடிக்கும்போது சொன்னார்: "அது போடற பீட் என் பீடுதான்பா. அவங்களுக்கும் தெரியும்."

ரோபோவுக்கு மனசு இல்லை. சைமனும் அதுவும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். நகலானது கை மட்டும்தான். ஆனால் நாற்காலியில் மிச்சமிருப்பவரைப் பற்றிய கேள்வி மாறவில்லை.

மிஷின் வேண்டாம் என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை. மிஷினைப் படிக்கத்தானே வந்திருக்கிறோம்! நாளைக்கு அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லி பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ நம்மில் பல பேர் சூப்பர்வைசர் ஆவோம். ஒருவருடைய கையை, குரலை, அனுபவத்தை மிஷினில் ஏற்றும் வேலை நம் மேஜைக்கு வரும். அன்றைக்கு ஃபைலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டே கேள்வி கேட்போம். அவரிடம் நேரில் கேட்டீர்களா? ஏற்றி முடித்த பிறகு அவருக்கு என்ன வேலை, என்ன சம்பளம்?

பதில் வராவிட்டால் கையெழுத்து இல்லை என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். சிந்திப்பீர்களா நண்பர்களே?